யார் கொண்டுவந்த நோய்?

கொரோனா என்னும் தொற்றுநோய் ஒரு குடும்பத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது, மருந்தைத் தேடுவதற்கும் மருத்துவரை அழைப்பதற்கும் முன்பாகவே, பரிசோதனையின் முடிவு கைபேசியில் வந்து சேர்ந்த அந்தக் கணத்திலேயே, வீட்டிலிருந்த எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. அதை வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. கேட்காமல் முகத்தில் காட்டியவர்களும் உண்டு. "இதை யார் வீட்டுக்குள் கொண்டுவந்தது?" என்பதே அந்தக் கேள்வி. அலுவலகம் போய்வந்த மகனா, காய்கறி வாங்கப் போன தகப்பனாரா, வளைகாப்புக்குப் போய்த் திரும்பிய மருமகளா, டியூஷனுக்குப் போன பேரனா என்று விசாரணை நடந்து, பல வீடுகளில் சாட்சியமே இல்லாமல் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிட்டது. ஜுரம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. அந்தத் தீர்ப்பு உண்டாக்கிய மனத்தாங்கல் சில குடும்பங்களில் இன்றும் இறங்கவில்லை.

காரணத்தைத் தேடுவது மனித சுபாவம்தான். ஆயினும் இந்த நோயின் தன்மையைச் சற்றே ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடையாது என்பதும், விடை கிடைத்தாலும் அதனால் நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும், அதைத் துருவிக் கொண்டிருந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய வேறு கேள்விகள் பல உண்டு என்பதும் விளங்கும்.

அக்கேள்விக்கு அத்தனை வலிமை வந்தது 2020ஆம் ஆண்டின் ஆரம்ப மாதங்களில். ஜனவரி 30ஆம் தேதி கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7ஆம் தேதி, ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் தமிழ்நாட்டின் முதல் நோயாளியானார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நோயாளிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. ஆகவே ஒருவர் எங்கே போனார், யாரைச் சந்தித்தார், எந்த ரயிலில் வந்தார் என்று ஊரே கூடி விசாரித்தது. அதிகாரிகளுக்கு அந்த விவரம் அவசியமாயிருந்தது; அக்கம்பக்கத்தாருக்கோ அது வம்பாக மாறியது. வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டினார்கள். சென்னையில் சில வீடுகளின் வாசலில் தகரமே அடித்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், இந்த நோயால் மாண்ட நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோனவர்களைச் சென்னையில் ஒரு கூட்டம் கல்லால் அடித்து விரட்ட, அவருடைய சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண்ணைத் தள்ளி அடக்கத்தை முடிக்க வேண்டியதாயிற்று. இறந்தவர்களின் அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டிய நிலை அதன் பிறகு உண்டானது. நோய் வந்தது துர்ப்பாக்கியம் என்பது போய், அது ஓர் அவமானம் என்ற எண்ணம் வேரூன்றிய விதம் இதுதான்.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் காய்கறிச் சந்தையான கோயம்பேட்டின் பெயரே பயத்துக்குரியதாயிற்று. அங்கே மூட்டை தூக்கியவர்களும், வியாபாரிகளும், லாரி ஓட்டிகளும் சென்னைத் தெருக்களுக்கு மாத்திரமின்றிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களுக்கும் தொற்றைத் தம்மை அறியாமல் எடுத்துச் சென்றார்கள். மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. 'கோயம்பேட்டுக்காரன் கொண்டுவந்தான்' என்று ஊர் பேசியது. ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்து சாம்பார் வைத்துச் சாப்பிடுவதற்காகவே அந்த மனிதர்கள் இரவெல்லாம் கண்விழித்து மூட்டை சுமந்தார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

இனி நோயின் இயல்புக்கு வருவோம். கிருமி உடலுக்குள் நுழைந்த நாளுக்கும் ஜுரமோ தொண்டை வலியோ தோன்றும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. முதல் அலையில் அது சராசரியாக ஐந்து நாளாகவும், சிலருக்குப் பதினான்கு நாள் வரையிலும் இருந்தது. பின்னால் வந்த ஓமைக்ரான் வகையில் ஏறக்குறைய மூன்று நாளாகச் சுருங்கியது. விசேஷம் என்னவென்றால், அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அந்த மனிதர் பேசும்போதும் சிரிக்கும்போதும் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரத்து நோயாளிகளை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியான ஓர் ஆய்வு, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவிய தொற்றில் சுமார் 44 விழுக்காடு, கொடுத்தவருக்கே தமக்கு நோய் என்று தெரியாத நேரத்தில் நடந்தது என மதிப்பிட்டது. இவற்றோடு, ஆரம்பம் முதல் முடிவு வரை ஓர் இருமல்கூட இல்லாமல் தொற்றைச் சுமந்து கழித்துவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே வீட்டில் முதலில் இருமியவரே முதலில் பெற்றவர் என்ற அனுமானத்துக்கு ஆதாரமில்லை. விளையாடிக்கொண்டே இருந்த குழந்தையிடமிருந்து தகப்பனுக்கு வந்து, தகப்பனுக்கு முதலில் ஜுரம் கண்டு, பழி முழுவதும் அவர் தலையில் விழுந்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்ற அச்சமும் முதல் அலையில் உண்மைக்குப் புறம்பாகவே இருந்தது. இதற்குச் சான்று நம் ஊரிலிருந்தே கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணனும் அவருடைய சகாக்களும் தொகுத்து 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரைப் பற்றிய ஆராய்ச்சி அது. வெளியிடத்தில் நோயாளியோடு தொடர்பு கொண்டவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்குத் தொற்றியது என்றால், வீட்டுக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத் தொற்றியது. ஆக, வெளியிடத்தைவிட வீட்டில்தான் அபாயம் அதிகம். ஆனால் அதே ஆராய்ச்சியில், நோயாளிகளில் ஏறக்குறைய 71 விழுக்காட்டினரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று காணப்படவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், பல நாடுகளில் நடந்த 54 ஆய்வுகளை ஒருங்கே வைத்துக் கணக்கிட்டவர்கள், வீட்டிலிருப்போரில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குத் தொற்றுகிறது என்றும், கணவன் மனைவிக்குள் மாத்திரம் அது நூற்றுக்கு முப்பத்தெட்டு வரை போகிறது என்றும் கண்டார்கள். ஓமைக்ரான் வந்த பிறகு இந்தக் கணக்கு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியது. அப்போதுங்கூட, ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தப்பித்தார்கள்.

தப்பித்தவர் எப்படித் தப்பித்தார், அகப்பட்டவர் எப்படி அகப்பட்டார் என்பதற்கு விடை பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. ஆரம்பத்தில் நாம் பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவினோம். காய்கறியை மஞ்சள் நீரில் ஊறவைத்தோம். செய்தித்தாளை வெயிலில் காயவைத்துப் படித்தோம். பொருள்களைத் தொடுவதால் இந்த நோய் பரவுவது அபூர்வம் என்பது பின்னால் தெரிந்தது. மூச்சிலிருந்து புறப்படும் நுண்ணிய திவலைகள், கதவடைத்த அறையில் போட்ட சாம்பிராணிப் புகையைப் போல மூலை முடுக்கெல்லாம் பரவி நெடுநேரம் நிற்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்தால் புகை கலைவதுபோல அவையும் கலைகின்றன. ஏ.சி. போட்டு, ஜன்னலைச் சாத்தி, நால்வர் ஒரே அறையில் படுத்துறங்கிய இரவுதான் பல குடும்பங்களில் தொற்றின் உண்மையான வழியாக இருந்தது. தெருவில் எதிர்ப்பட்டவரைக் கண்டு ஒதுங்கிப் போன அந்த இரண்டு நொடி அல்ல.

இங்கேதான் வைத்தியம் சொன்ன புத்திமதிக்கும் நம் வீடுகளின் அமைப்புக்கும் பொருத்தமில்லாமல் போயிற்று. 'நோயாளியைக் கழிப்பறையோடு கூடிய தனி அறையில் வையுங்கள்' என்று எழுதிவிடுவது எளிது. ஒரு வீட்டை மனத்தில் கற்பித்துப் பார்ப்போம்: வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடி, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, ஒரே கழிப்பறை, அதில் பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். இரண்டு அலைகளில் அகப்படாமல் தப்பித்த அந்தக் குடும்பத்தில், 2022 பொங்கலுக்கு மறுநாள் மகனுக்குத் தொண்டை கரகரக்கிறது. கோயில்களை ஐந்து நாள் மூடி, ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டிருந்த ஜனவரி மாதம் அது. படுக்கையறையை அவனுக்கு விட்டுவிட்டு மற்ற நால்வரும் கூடத்தில் பாய் விரிக்கிறார்கள். அறை வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் தட்டும் டம்ளரும். மருமகள் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு கதவு திறக்கிறது. "அப்பா, நான் வரைந்த கோலத்தைப் பாருங்க" என்று சிறியவள் கதவின் அடியில் காகிதத்தைத் தள்ளுகிறாள். மூன்றாம் நாள் மருமகளுக்கு உடம்பு வலி. இனி அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு எதற்கு என்று அவள் கேட்கிறாள். பாட்டிக்காக அது வேண்டும் என்று மகன் உள்ளிருந்தே பதில் சொல்கிறான். அவன் சொன்னதே சரி. எல்லோரையும் காப்பாற்ற முடியாத வீட்டில், அதிக அபாயமுள்ளவர் யார் என்று பார்த்து அவருக்கு ஜன்னலோரமும், முகக்கவசமும், நோயாளி போய்வந்த பின் சற்று நேரம் காற்றாடவிட்ட கழிப்பறையும் கிடைக்கும்படி செய்வதே விவேகம்.

நோயின் போக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். முதல் நான்கைந்து நாள் ஜுரம், உடல்வலி, இருமல், சிலருக்கு வயிற்றோட்டம். முதல் இரண்டு அலைகளில் வாசனை அற்றுப்போவது ஒரு தனி அடையாளமாக இருந்தது. காலையில் டிகாக்ஷன் இறக்கும்போது மணம் வராததையோ, பெருங்காய டப்பாவை மூக்கருகே வைத்தும் ஒன்றும் தெரியாததையோ கொண்டே நோயைக் கண்டுபிடித்த இல்லத்தரசிகள் உண்டு. மூக்கின் மேற்பகுதியில் வாசனையை உணரும் நரம்பு அணுக்களைக் கிருமி பெரும்பாலும் நேரே தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கிப் போஷிக்கும் துணை அணுக்களைத் தாக்குகிறது. அந்தத் துணை அணுக்கள் மறுபடி வளர்ந்துவிடுவதால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியது. ஓமைக்ரானில் இந்த அடையாளம் குறைந்துபோய், அது சாதாரண ஜலதோஷத்தின் வேஷத்தைப் பூண்டது.

ஜுரம் தணிந்துவிட்டதே என்று வீடு நிம்மதி கொள்ளும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் உண்மையில் கண்காணிக்க வேண்டிய காலம். நுரையீரலில் அழற்சி உண்டாகி, இரத்தத்தில் பிராணவாயு இறங்கத் தொடங்கினாலும், சிலர் மூச்சு முட்டாமல், தினசரி படித்துக்கொண்டு, சாதாரணமாகவே இருந்தார்கள். மருத்துவர்களையே திகைக்கவைத்த நிலைமை அது. அதைக் கண்டறியத்தான் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்தது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி, இரத்தம் அவற்றை உறிஞ்சும் விகிதத்தைக் கொண்டு பிராணவாயுவைக் கணக்கிடும் கருவி அது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். கறுத்த மேனியில் அது சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும். இன்னொரு சங்கடமும் உண்டு: அதன் திரையில் இரண்டு எண்கள் தெரியும், ஒன்று பிராணவாயு, மற்றொன்று நாடித்துடிப்பு. "எண்பத்தெட்டு காட்டுதே, ஐயோ!" என்று நாடித்துடிப்பைப் பார்த்துக் கதறியவர்களும் உண்டு, பிராணவாயு எண்பத்தெட்டாக இருக்க, நாடியின் தொண்ணூற்றெட்டைப் பார்த்துச் சமாதானமடைந்தவர்களும் உண்டு. விரலை ஆட்டாமல் வைத்து, எண் நிலைத்த பிறகு படித்து, தாளில் தேதியிட்டுக் குறித்துவைத்த குடும்பங்களுக்கே அதனால் முழுப்பயன் கிடைத்தது. 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை; ஆறு நிமிஷம் அறைக்குள் நடந்த பிறகு எண் நாலைந்து புள்ளி சரிந்தாலும் அது எச்சரிக்கையே.

மருந்தைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து குணமடைந்த பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது பாராசிட்டமாலும் தண்ணீரும் கஞ்சியும் உறக்கமும்தான். கபசுரக் குடிநீர் கொதிக்காத வீடு அன்று அபூர்வம். அதைக் குடித்து மனத்தெம்பு பெற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் பிராணவாயு இறங்கிய பிறகும் அதையே நம்பிக் காலதாமதம் செய்தது சிலருக்கு ஆபத்தாய் முடிந்தது. கிருமியைக் கொல்லும் என்று எண்ணிப் பிடித்த ஆவியால் நோய் குறைந்ததாக நிரூபணம் இல்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் மாத்திரம் உண்டு. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வு கண்டது. ஆனால் பிராணவாயு தேவைப்படாதவருக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. அந்தப் பின்பாதியைக் கேளாமல், வாட்ஸப்பில் வந்த சீட்டைப் பார்த்து முதல் நாளே அதை விழுங்கியவர்கள் உதவிக்குப் பதில் உபத்திரவத்தையே தேடிக்கொண்டார்கள்.

2021 மே மாதத்தின் நினைவு இல்லாமல் இந்த விஷயத்தை எழுத முடியாது. டெல்டா வகையின் அலையில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக விடியுமுன்னே வரிசை நின்றது. அரசு மருத்துவமனை வளாகங்களில், படுக்கைக்காக ஆம்புலன்ஸுக்குள்ளேயே காத்திருந்தார்கள். அந்த நாட்களில் முதன்முறையாக நோய் கண்ட குடும்பத்துக்கும், எட்டு மாதம் கழித்து, பெரியவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஓமைக்ரான் அலையில் முதன்முறையாகக் கண்ட குடும்பத்துக்கும் நேர்ந்தது ஒரே நோய் என்று சொல்வதே கடினம். 2021 ஜனவரி 16 முதல் இந்நாட்டில் போடப்பட்ட தடுப்பூசி, தொற்று வருவதை முற்றிலும் தடுக்கவில்லை. அது பெருமளவில் தடுத்தது மூச்சுத் திணறலையும் மரணத்தையும். முதல் அலைகளில் தப்பித்தது அதிர்ஷ்டம் மாத்திரமல்ல, ஊசி வரும்வரை காத்திருக்கக் கிடைத்த அவகாசமும் ஆயிற்று.

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் அடுப்பு யார் பற்றவைப்பது என்ற கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்கவே இல்லை. விடை முன்னமே தீர்மானமாகி இருந்ததே அதற்குக் காரணம். நூற்றுமூன்று டிகிரி ஜுரத்தோடு ரசம் வைத்தவள் பெண்தான். நோயாளிக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம் இருப்பவருக்கே தொற்று எளிதில் வருகிறது என்பதால், பணிவிடை செய்தவள் நோயைப் பெற்றாள். பெற்ற பிறகும் பணிவிடையை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் படியில் வைத்துப்போன இட்லிப் பாத்திரமும், பெயரே தெரியாத தன்னார்வ இளைஞன் வாங்கிவந்து கொடுத்த பாலும் மாத்திரையும் அந்த நாட்களில் எந்த விலையுயர்ந்த மருந்துக்கும் குறைந்தவையல்ல.

தொற்று நீங்கிய பின்னும் பல வாரங்கள் அயர்ச்சியும், மாடிப்படி ஏறினால் படபடப்பும், காப்பியில் கருகல் வாடை வீசுவதுபோன்ற விபரீத உணர்வும் சிலரை விடாமல் தொடர்ந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தாலும், கிருமி நம்மைவிட்டுப் போய்விடவில்லை. வயதானவரும், சர்க்கரை நோயாளியும், சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இன்றும் அதற்கு அஞ்சவேண்டியவர்களே.

பழி தேடும் பழக்கத்தால் மனம் புண்படுவதோடு காரியம் நின்றுவிடுவதில்லை. குற்றவாளியாக்கப்படுவோம் என்று பயந்தவன் இருமலை அடக்குகிறான். பரிசோதனைக்குப் போகாமல் தட்டிக்கழிக்கிறான். 'வெறும் சளிதான்' என்று சொல்லிக்கொண்டே கல்யாணப் பந்தியில் உட்காருகிறான். அவமானம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மறைப்பு. மறைப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பரவல். வெளியே போனவனுக்குத்தான் நோய் முதலில் வர இடமுண்டு. வெளியே போனவன் அநேகமாக வீட்டுக்கு அரிசி வாங்கவோ, சம்பளம் வாங்கவோ போனவனாகவே இருப்பான். அவனைக் கூண்டில் ஏற்றும் குடும்பம், அடுத்த முறை உண்மையைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறது. "எனக்குத் தொண்டை சரியில்லை, நாலு நாள் இந்தப் பக்கம் வராதீர்கள்" என்று பெரியம்மா வீட்டுக்கும் வேலைக்கார அம்மாவுக்கும் தயக்கமின்றிச் சொல்ல முடிகிற வீடு எதுவோ, அந்த வீட்டோடு தொற்று நின்றுபோவதற்குத்தான் அதிக வாய்ப்பு இருக்கிறது.